திரும்பி வருவதற்கும் விலை பேசுங்கள்: கிழக்குக் கரையில் படகு வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், ஓட்டிகளுக்கும், அவர்களிடம் ஆட்களை அனுப்பிவைக்கும் விடுதிக்காரர்களுக்கும், இவற்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சித்திரை பிறந்தால் கிழக்குக் கடல் அடங்கிவிடும். பாசிக்குடா, கல்குடா, காயங்கேணி, வாகரைப் பக்கம் சல்லித்தீவு, தெற்கே அறுகம்பை, பொத்துவில் களப்பு என்று எல்லா இடத்திலும் படகு கேட்டு ஆள் வரும். முன்பு தலைக்கு இவ்வளவு என்று ஏற்றி ஒரு மணித்தியாலம் சுற்றிக் காட்டினால் போதும். இப்போது வரும் குடும்பங்கள் முழுப் படகையும் ஒரு நாளைக்குத் தங்களுக்கென்றே பேசி எடுக்கின்றன. காலையில் பவளப்பாறை, பிறகு ஒரு தீவு, அங்கே மதியச் சாப்பாடு, பின்னேரம் வாவி, இருட்டமுன் கரை. மீன் விலையை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு இது நல்ல வருமானம். அது நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரே விடயம். கடலில் நடக்கிற ஆபத்தின் வேர் கரையில், காசு பேசும் இடத்தில் இருக்கிறது. "முழு நாள், நாலு இடம், இவ்வளவு காசு" என்று பேசி முடித்தபின், இரண்டாவது இடத்தில் காற்று ஏறினால் திரும்ப யாருக்கும் மனம் வராது. திரும்பினால் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று உரிமையாளர் பயப்படுவார். கொடுத்த காசுக்கு நாலு இடமும் பார்த்தாக வேண்டும் என்று வந்தவர் நினைப்பார். விடுதிக்காரர் தன் தரகை ஏற்கெனவே எடுத்துவிட்டார். நாள்கூலிக்கு வந்த ஓட்டிக்கோ பயணம் முடிந்தால்தான் முழுக் கூலி. இத்தனை பேரின் காசும் ஒரே பக்கம் இழுத்தால் கடலைப் பார்த்து முடிவெடுக்க ஆள் இல்லாமல் போகிறது.

ஆகவே, திரும்பி வருவதற்கான விலையைப் புறப்படுமுன் பேசுங்கள். ஒரு நாள் வாடகையை நாலாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள்: எரிபொருள், படகும் எஞ்சினும், ஓட்டி மற்றும் உதவியாள் கூலி, விடுதியின் தரகு. காலநிலையால் கரையைவிட்டே எடுக்கவில்லை என்றால் முற்பணம் முழுவதும் திரும்பும், அல்லது வேறு நாள் கொடுக்கப்படும். புறப்பட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பினால் எரிந்த எண்ணெய்க்கும் படகு வாடகையில் பாதிக்கும் காசு. அரை நாளைத் தாண்டித் திரும்பினால் படகு வாடகையில் முக்கால். தரகும் அதே அளவில் குறைய வேண்டும். இந்த அளவுகளை உங்கள் ஊர் வழக்கப்படி கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: ஓட்டிக்கும் உதவியாளுக்கும் கூலி எப்போதும் முழுதாகப் போக வேண்டும், படகு பத்து நிமிடத்தில் திரும்பினாலும். திரும்புவதென்று முடிவெடுப்பவர் அந்த முடிவால் ஒரு ரூபாய்கூட இழக்கக் கூடாது.

தாளின் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "கடல், காற்று, எஞ்சின் தொடர்பில் ஓட்டி சொல்வதே முடிவு." வந்தவர் அதை வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தாளில் அடித்து வைத்தால் நடுக்கடலில் வாய்த்தர்க்கம் இராது. கரையில் பத்து நிமிடம் பேசுவதற்கு வெட்கப்பட்டு, கடலில் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டுவதில் என்ன பயன்?

காசுக்கு அடுத்தது காற்று. நாளின் ஒழுங்கை விடுதியின் விளம்பரத் தாளைப் பார்த்துப் போடாதீர்கள், காற்றைப் பார்த்துப் போடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும். தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று அது. கரையோரத்தில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். அதை நம்பி வெளியே போனால், கரையைவிட்டு விலக விலக அலை வளரும். போகும்போது காற்று முதுகில் இருப்பதால் படகு இலேசாக ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும்: வேகம் குறையும், எண்ணெய் கூடுதலாக எரியும், முன்பக்கத்தில் இருப்பவர்கள் நனைந்து குளிர்வார்கள், பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். எஞ்சின் நின்றால் படகு வங்காள விரிகுடாவுக்குள் தள்ளப்படும், கரைக்கு ஒதுங்காது. கச்சான் நாட்களில் கரையை ஒட்டியே ஓடுங்கள். காற்றடைத்த ரியூப், மிதவைப் பாய், துடுப்புப் பலகை எதையும் கயிறு கட்டாமல் தண்ணீரில் விடாதீர்கள். அதில் ஏறிய பிள்ளை கச்சானில் எவ்வளவு விரைவாக வெளியே போய்விடும் என்பதைப் பாசிக்குடாவின் ஆழமில்லாத தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்கள் நம்பமாட்டார்கள்.

அறுகம்பைப் பக்கம் கதை வேறு. அங்கே பருவகாலத்தில் காலை அமைதியாக இருந்து, முற்பகலில் தெற்கிலிருந்து காற்று எழும். அதனால் தெற்கே போகும் வேலையைக் காலையில் முதலில் முடித்துவிட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்புங்கள். எந்தக் கரையானாலும் விதி ஒன்றுதான்: காற்று வரும் பக்கம் முதலில், போகும் பக்கம் பிறகு. ஆட்கள் களைத்து, எண்ணெய் குறைந்து, வெயில் ஏறிய நேரத்தில் எதிர்காற்றில் ஓடும்படி நாளை அமைக்காதீர்கள்.

முழு நாள் பயணத்துக்கு நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது. காலை 6 மணிக்குக் கடல், 11 மணிக்கு முன் கரை அல்லது வாவிக்குள், வெயில் நேரத்தில் நிழலில் சாப்பாடும் ஓய்வும், 3 மணிக்குப் பிறகு வாவி. மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம், கண்டல் காட்டோரம் கொக்கும் நாரையும் பார்க்கலாம், கல்லடிப் பாலத்தடியில் பொழுது சாய நிற்கலாம். கடல் மறுத்த நாளில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க இந்த வாவி நமக்கு இருக்கிறது. வேறெந்தக் கரைக்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. "கடல் இல்லாவிட்டால் வாவி" என்று தாளில் முதலிலேயே எழுதிவிட்டால் பாதிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பங்குனி-சித்திரையிலும் ஐப்பசி-கார்த்திகையிலும் பின்னேர இடிமழையைத் தனியாகக் கவனியுங்கள். உள்நாட்டுப் பக்கம் மேகம் கோபுரமாக எழுந்து அடிப்பக்கம் கறுத்தால், இடி கேட்கும்வரை காத்திராமல் கரையேறுங்கள். திறந்த படகில் மின்னலுக்கு மிக உயரமான பொருள் நீங்கள்தான். வாடைக் காலத்தில், கார்த்திகை முதல் மாசி வரை, கடல் பயணமே விற்காதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் அறிவிப்பு விடுகிறது. வானொலியில் "நாடு முழுவதும் சீரான வானிலை" என்று கேட்டுவிட்டுப் புறப்படாமல், உங்கள் துண்டுக்குரிய காற்றின் வேகத்தையும் அலையையும் பாருங்கள். அறிவிப்பில் மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் காற்று என்றிருந்தால் 18 அடி, 23 அடி திறந்த படகுகளில் பயணிகளை ஏற்ற வேண்டாம். மீன்பிடிக்குப் போகிறவர் தன் உயிரைப் பார்த்து எடுக்கும் துணிவை, நீந்தத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு எடுக்க முடியாது.

எண்ணெய்க் கணக்கில்தான் அதிகம் பிழை நடக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். 40 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 லீற்றர் குடிக்கும், பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கூட. 25 குதிரைவலுவுக்கு 10 லீற்றரும் 15 குதிரைவலுவுக்கு 6 லீற்றரும் என்று வைத்துக்கொள்ளலாம். கரையிலிருந்து 9 கடல் மைல் வெளியே ஓர் இடத்துக்கு 40 குதிரைவலு எஞ்சினில் போவதாக வையுங்கள். காற்று முதுகில் இருக்க 12 நொட் (மணித்தியாலத்துக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 45 நிமிடத்தில் போய்விடலாம், 11 லீற்றர் சொச்சம் போகும். திரும்பும்போது எதிர்காற்றில் வேகம் 8 நொட்டாக விழுந்தால் 68 நிமிடம் எடுக்கும், 17 லீற்றர். மொத்தம் 28. பலர் இதோடு நிறுத்திவிட்டு 30 லீற்றரோடு புறப்படுகிறார்கள். இந்த 28 என்பது தாங்கியில் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். அதாவது 42 லீற்றர். மிச்ச 14 லீற்றர் ஒருவரைத் தேடி அலைய, இன்னொரு படகைக் கட்டி இழுக்க, முகத்துவாரம் மூடிக் கிடந்தால் வேறு கரைக்குப் போக. விலை பேசும்போதே அந்த 14 லீற்றரையும் கணக்கில் காட்டுங்கள். திரும்பி வந்து தாங்கியில் மிச்சம் இருந்தால் வந்தவருக்குக் காசைக் குறைத்துக் கொடுங்கள். நம்பிக்கை அங்கே வளரும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலும் ஒயிலும் கலப்பதை நடுக்கடலில் செய்யாதீர்கள். உங்கள் எஞ்சினின் கைநூல் 50க்கு 1 என்று சொன்னால், 25 லீற்றர் பெற்றோலுக்கு அரை லீற்றர் ஒயில், கரையில் நிழலில் வைத்து அளந்து கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் ஒயில் கூடி பிளக் கறுத்துப் போகும், அல்லது குறைந்து பிஸ்டன் இறுகிவிடும். கொள்கலனிலிருந்து எடுத்த பெற்றோலில் கொஞ்சத்தை வெள்ளைப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனிக் குமிழியாகத் திரண்டு நிற்கும்.

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றால், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் கை வலிக்க வேண்டாம். முதலில் தாங்கி மூடியில் இருக்கும் சிறிய காற்றுத் திருகைப் பாருங்கள். பெரும்பாலும் அது இறுக்கிக் கிடக்கும். காற்று உள்ளே போக வழியில்லாததால் எண்ணெய் வராது. கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் காரணம் அதுதான். திருகைத் தளர்த்தியதும் "உஸ்" என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும், பம்ப் மெல்ல உருண்டு வரும். அது சரியாக இருந்தால் அடுத்தது எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கிளிப், பிறகு வடிகட்டி, கடைசியில் பிளக். இந்த ஒழுங்கை மாற்றி, எடுத்த எடுப்பில் பிளக்கைக் கழற்றுகிறவர்கள்தான் அதைத் தண்ணீருக்குள் விழுத்துகிறார்கள். மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் சாவி, மாற்று ஸ்டார்ட்டர் கயிறு, புரொப்பெலர் பின், ஒரு கூரான கத்தி, தலையில் கட்டும் விளக்கு, இரண்டு துடுப்பு: இவை இல்லாத படகை வாடகைப் படகென்று சொல்ல முடியாது.

ஓடும்போது எஞ்சினின் பின்பக்கம் பீச்சும் தண்ணீரை உதவியாள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அது மெலிந்தால் குளிர்த் தண்ணீர் இழுக்கும் துவாரத்தில் பொலித்தீனோ பாசியோ ஒட்டியிருக்கிறது. வாவிக்குள் ஆற்றுவாழை மிதக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். உடனே எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கையால் துடையுங்கள். ஐந்து நிமிட வேலை அது. செய்யாமல் விட்டால் எஞ்சின் சூடேறி இறுகி, ஒரு பருவத்து வருமானமே போய்விடும்.

இனி ஆட்கணக்கு. படகின் நீளத்தை அடியில் எடுத்து, அகலத்தால் பெருக்கி, 15ஆல் பிரியுங்கள். 18 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 90, பதினைந்தால் பிரித்தால் 6. 23 அடிக்கு 6 அடி என்றால் 9. இதில் ஓட்டியும் உதவியாளும் அடக்கம், மடியில் இருக்கும் பிள்ளையும் ஒரு தலை. நல்ல வானிலைக்கான கணக்கு இது, காற்று இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். சாப்பாட்டுப் பானை, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர்க் கொள்கலன் எல்லாம் சேர்ந்து ஓர் ஆளின் பாரம் வந்துவிட்டால் ஓர் ஆளைக் கழியுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை இழந்தது ஒரு களப்பில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். ஆழமும் தூரமும் குறைவு என்பது பாதுகாப்பு இல்லை என்று நம் மாகாணத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிழலுக்காக இரும்புக் குழாயில் கூரை போடுகிறோம். வெயிலுக்கு அது வேண்டும்தான். ஆனால் அது பாரத்தை மேலே ஏற்றுகிறது, காற்றையும் பாய்மரம் போலப் பிடிக்கிறது. குழாயை அலுமினியத்தில் போடுங்கள். துணியை ஒரு நிமிடத்தில் சுருட்டிக் கட்டும்படி வையுங்கள். தகரமோ பலகையோ வேண்டவே வேண்டாம். டொல்பின் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி ஓடுவதும் கைப்பேசியைத் தூக்குவதும் வழக்கம். புறப்படுமுன் அதைச் சொல்லுங்கள்: பார்ப்பது இருந்தபடி, படகைத் திருப்பிக் காட்டுவது ஓட்டியின் வேலை.

உயிர்காப்பு அங்கியை ஆசனத்தடியில் அடுக்கி வைப்பது எண்ணிக்கை காட்ட மட்டும்தான் உதவும். கரையில் மாட்டி, கொளுவி, தோள்ப்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அளவு பெரிது. பிள்ளைகளுக்குக் கால் இடுக்கால் போகும் பட்டி இல்லாத அங்கி கூடாது, தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே கழன்றுவிடும். அங்கியில் எழுதியிருக்கும் கிலோ அளவைப் பார்த்துக் கொடுங்கள், வயதைக் கேட்டு அல்ல. ஓட்டியும் போட வேண்டும். எஞ்சின் நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டியின் மணிக்கட்டிலோ அங்கியிலோ கொளுவி இருக்க வேண்டும். அது எஞ்சினிலேயே சுற்றிக் கிடந்தால், ஓட்டி விழுந்த படகு வட்டம் போட்டு அவர்மேலேயே வரும்.

வாவியிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து வாவிக்கும் ஒரே பயணத்தில் போகலாம் என்று சிலர் விற்கிறார்கள். இதில் எங்களுக்கு உடன்பாடு குறைவு. பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்றுப் பக்கமும் மணல் எப்படி இருக்கும் என்பது கிழமைக்குக் கிழமை மாறும். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வாய், வெயிலில் வேறு வாய். நேற்றுப் போன தடத்தில் இன்று மணல்மேடு இருக்கும். ஒலுவில் துறைமுக வாயிலையே மணல் அடைத்துப் படகுகள் தவித்ததைப் பார்த்தோமே. வாவித் தண்ணீர் வெளியே பாயும்போது கடலலை எதிரே வந்தால் அலை குத்தாக எழுந்து உடையும். அந்த நேரத்தில் பயணிகளோடு கடப்பதென்பது விலை எதுவானாலும் செய்யக் கூடாத வேலை.

கடந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உள்ளே நின்றுகொண்டு குறைந்தது பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும், ஓய்வு எத்தனை நேரம் என்பது அப்போது தெரியும். எல்லோரையும் நடுவில் தாழ இருத்தி, அங்கியைச் சரிபார்த்து, கூரைத் துணியைச் சுருட்டி, பொருட்களைக் கட்டிவிட்டு, ஓய்வு தொடங்கியதும் மூக்கு அலைக்கு நேராக இருக்கும்படி வெளியேறுங்கள். பாதியில் மனம் மாறித் திரும்பாதீர்கள், பக்கம் காட்டிய கணத்தில் கவிழும். உள்ளே வருவது இதைவிடக் கடினம். ஓர் அலையின் முதுகில் ஏறி அதே வேகத்தில் வாருங்கள், அதை முந்திக்கொண்டு முன்பக்கம் இறங்கினால் மூக்கு குத்தி, பின்பக்கம் சுழன்று படகு குறுக்காகும். பின்னாலிருந்து அலை எட்டிப் பிடிக்கவும் விடக் கூடாது. இதற்கெல்லாம் பழகிய கை வேண்டும். ஓட்டுவது யார் என்று தாளில் பெயரோடு எழுதுங்கள். காலையில் மூத்தவர் பேசிவிட்டு, ஓட்ட மருமகனை அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

காயங்கேணிப் பவளப்பாறை 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சட்டத்தைவிட முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்: ஒரு நங்கூரம் பவளத்தில் விழுந்து இழுபட்டால், ஒரு மேசையளவு பவளம் அரை நிமிடத்தில் தூளாகும். அது மீள வளர எத்தனையோ வருடம் எடுக்கும். நம் படகுகளுக்கு ஆள் வருவதே அந்தப் பவளத்தைப் பார்க்கத்தான். மணல் தெரியும் வெளிர் நிறத் தண்ணீரில், பாறைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் நங்கூரம் போடுங்கள். கயிறு ஆழத்தின் ஐந்து மடங்காவது வேண்டும்: தண்ணீர் 4 மீற்றர், படகு விளிம்பு அரை மீற்றர் என்றால் 22 மீற்றருக்கு மேல். நங்கூரத்தோடு இரண்டு மூன்று மீற்றர் சங்கிலி கட்டினால் அது படுத்துப் பிடிக்கும். கயிறு குறுகினால் நங்கூரம் பிடிக்காமல் எழும்பி எழும்பி இழுபடும். கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு பனையையும் பின்னால் ஒரு கூரையையும், நேர்கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு விலகினால் படகு நகர்கிறது.

ஆள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் நிற்க வேண்டும். கியரை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுவது போதாது. ஏணி இல்லாத படகில் முழங்கையால் தொங்கி ஏற முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். மூன்று படிக் குழாய் ஏணி ஒன்றை வாழைச்சேனையிலேயே பற்றவைத்து எடுக்கலாம். இறங்குமுன் தலை எண்ணுங்கள், ஏறியபின் எண்ணுங்கள், எஞ்சினைத் தொடுமுன் இன்னொரு தரம் எண்ணுங்கள்.

ஹெர்மிஸ் கப்பலைப் பற்றியும் ஒரு சொல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் மேல் ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். அந்த ஆழத்துக்குரிய பயிற்சியும் கருவியும் உள்ளவர்களை, அதற்கென்று இருக்கும் சுழியோடி நிலையங்கள் கொண்டுபோகட்டும். முகமூடியும் குழாயும் வைத்திருப்பவரிடம் "ஹெர்மிஸ் காட்டுகிறோம்" என்று காசு வாங்குவது ஏமாற்று. மேலே நின்று பார்த்தால் நீலத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது.

நம்மவர்களுக்குள் பேச வேண்டிய இன்னொன்று வலை. கல்குடாக் கரையில் காலையில் கரைவலை வளைத்திருக்கும்போது, மிதவைக்கு உட்பக்கமாகக் குறுக்கே ஓடி மீனைக் கலைக்காதீர்கள். வெளியால் சுற்றிப் போங்கள், அது ஐந்து நிமிடக் கூடுதல் ஓட்டம். வாவிக்குள் கட்டுவலைக் கம்புகளுக்கும் இறால் வலைகளுக்கும் அதே மரியாதை. இரவில் வாவியின் "பாடும் மீன்" ஒலியைக் கேட்கப் போகும் படகுகளில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். கேட்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்துவீர்கள், விளக்கை நிறுத்தாதீர்கள். இருட்டில் தோணியில் வருகிறவருக்கு உங்கள் படகு தெரியாது.

விடுதிக்காரர்களுக்கு: உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். தரகைப் பயணம் முடிந்த பிறகு எடுங்கள். முதல் நாள் இரவே விருந்தினரிடம், நீந்தத் தெரியுமா, இதய நோயோ வலிப்போ இருக்கிறதா, கர்ப்பிணி யாரும் உண்டா என்று கேட்டு ஓட்டிக்குச் சொல்லிவிடுங்கள். சத்தி வருகிறவர்களுக்கு மாத்திரை, படகில் ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை, ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். ஆளுக்கு 3 லீற்றர் குடிதண்ணீர் அனுப்புங்கள். மதுபானத்தை அனுப்பாதீர்கள். படகின் பெயர், ஓட்டியின் பெயர், ஏறிய தலைகளின் எண்ணிக்கை, போகும் இடம், திரும்பும் நேரம் எழுதிய தாளின் பிரதி உங்கள் வரவேற்பு மேசையில் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் அழையுங்கள். ஒரு மணித்தியாலம் பிந்தினால், "வந்துவிடுவார்கள்" என்று இருக்காமல் 119க்கும் அருகிலுள்ள கடற்படை முகாமுக்கும் அறிவியுங்கள். காயப்பட்டவர் கரைக்கு வந்தால் 1990 அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கரையைவிட்டு வெளியே கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும். ஆகவே கடலுக்குப் போகும் வாடகைப் படகில் கையடக்க வீஎச்எஃப் வானொலி ஒன்று வேண்டும், அவசர அழைப்பு 16ஆம் அலைவரிசையில்.

அதிகாரிகளுக்கு: அனுமதி புதுப்பிக்கும்போது அங்கிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறீர்கள். வாடகைத் தாளையும் கேளுங்கள். திரும்பி வருவதற்கான விலை அதில் இல்லையென்றால் அனுமதியை நிறுத்தி வையுங்கள். ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை படகின் வெளிப்பக்கத்தில், கரையில் நிற்பவருக்குத் தெரியும் எழுத்தில் பூசப்பட வேண்டும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் படகேறும் இடத்தில் கொடி ஒன்று நாட்டுங்கள். சிவப்பு ஏறிய நாளில் ஓட்டி யாரோடும் வாதாடத் தேவையில்லை, விடுதிக்காரரும் வற்புறுத்த மாட்டார். காயங்கேணியில் படகு கட்ட நிலையான மிதவைகள் போட்டுத் தாருங்கள். ஆறு ஏழு மிதவை இருந்தாலே நங்கூரம் போடும் தேவை பெருமளவு குறையும். பராமரிக்கும் பொறுப்பைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்க முடியும், அதற்குப் படகொன்றுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். முகத்துவார மணலின் நிலையைப் பருவகாலத்தில் கிழமைக்கு ஒருமுறை அளந்து பிரதேச செயலகப் பலகையில் ஒட்டுங்கள். ஓர் அளவுக் கம்பும் ஒரு தோணியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

வாடகைத் தாளின் மாதிரியை மூன்று மொழியிலும் எழுதித் தர நாங்கள் ஆயத்தம். வாடைக் காலத்தில், படகுகள் கரையில் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில் உரிமையாளர்களையும் விடுதிக்காரர்களையும் ஒன்றாக இருத்தி இதைப் பேசினால், பங்குனிக்குள் அச்சடித்து எல்லாப் படகுக்கும் கொடுத்துவிடலாம். கூட்டத்துக்குரிய திகதியைப் பிரதேச செயலகங்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாழைச்சேனை, கல்லடி, பொத்துவில் கரைகளில்
படகு ஓட்டுவோரும் எஞ்சின் திருத்துவோரும்